காலிக் கெக்கில் கேஸ் லைன்: ஏற்காடு ப்ரூவரி மரணம், ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வழக்கு கற்பனை. தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் குடும்பம் சொந்தமாக பீர் காய்ச்சி விற்க உரிமம் வாங்கியது என்பது கதைக்காக வைத்துக்கொண்டது. ஆட்களும் அப்படித்தான், பெயர் வைக்கவில்லை, வேலையைச் சொல்லியே அழைக்கிறோம். வாயுக் கணக்கும், கருவிகளின் குணமும், சட்டப் பிரிவுகளும் நிஜம்.

ப்ரூவரியைக் களமாக்கும் மர்மக்கதைகளில் கரியமில வாயுதான் வழக்கமான ஆயுதம். வாயு எவ்வளவு வந்தது, எங்கிருந்து, என்ன வேகத்தில் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. இந்த வழக்கு அந்த மூன்று கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

இடமும் ஆட்களும்

பழைய காபி பல்பர் ஹவுஸைத் திருத்திக் கட்டிய ப்ரூவரி. உள்ளே PUF பேனல் (வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பலகை) போட்ட ஃபெர்மென்டேஷன் ரூம், அதாவது பீரைப் புளிக்க வைக்கும் அறை: 4.5 மீட்டர் நீளம், 3.2 அகலம், 2.7 உயரம். டாங்கும் சாமான்களும் அடைக்கும் இடம் போக ஏறக்குறைய 36 கன மீட்டர் காற்று. கதவில் ரப்பர் கேஸ்கெட் உண்டு, இழுத்துச் சாத்தினால் காற்று புகாது. உள்ளே 650 லிட்டர் ஃபெர்மென்டர் (புளிக்க வைக்கும் டாங்க்) ஒன்றே ஒன்று; அதில் 500 லிட்டர் வோர்ட், பீராகப் புளிக்கவிருக்கும் சர்க்கரைச் சாறு. புளிப்பில் வரும் வாயுவை வெளியேற்றும் அதன் ப்ளோ ஆஃப் குழாய் அறைக்குள்ளேயே ஒரு பக்கெட் தண்ணீரில் முங்கியிருந்தது. குழாயைச் சுவரில் துளையிட்டு வெளியே விட்டிருக்க வேண்டும். சில சின்ன ப்ரூவரிகளில் இந்தத் தப்பு இருக்கும்.

கரியமில வாயு சிலிண்டர் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் சங்கிலி போட்டு நின்றது. அதிலிருந்து கேஸ் லைன் சுவர் வழியாக உள்ளே போகிறது. லைனின் முனையில் கெக்கில் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாயில்) மாட்டும் டிஸ்கனெக்ட் என்ற இணைப்பு. கெக்கில் மாட்டாதவரை அதிலிருந்து வாயு வராது. அப்படித்தான் அதன் வால்வு அமைப்பு.

அன்றிரவு வளாகத்தில் ஐந்து பேர். ப்ரூவர், இறந்தவர். எஸ்டேட் முதலாளியான பெரியவர், பங்களாவில். செல்லர் வேலை (டாங்க், கெக் பராமரிப்பு) பார்க்கும் பையன், லைன் வீட்டில். பக்கத்து விருந்தினர் விடுதியை நடத்தும் அம்மா. ஈஸ்ட் வாசனை விருந்தினரை விரட்டுகிறது என்று ப்ரூவரோடு அந்த வாரம் முழுக்கச் சண்டை. ஸ்டாக் எடுக்கச் சேலத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிய கணக்கர். எல்லாருடைய வாக்குமூலமும் ஒன்றுதான்: தூங்கிக்கொண்டிருந்தேன்.

நடந்தது

முந்தைய நாள் பீர் காய்ச்சும் வேலை மாலை 4 மணிக்கு முடிந்தது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹாப்ஸின் கசப்பு இறங்கச் சமவெளியைவிட நேரம் எடுக்கும் என்பதால் அங்கே ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுவது வழக்கம். குளிர்வித்து ஈஸ்ட் போட்டபோது கிராவிட்டி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை தீரத் தீர இறங்கும்) 1.048, வெப்பம் 18 டிகிரி. ப்ரூவர் 6 மணிக்குச் சிலிண்டரை எடை போட்டு, அதன் தோள்பகுதியில் சாக்பீஸால் 79.5 (கிலோ) என்று எழுதிவிட்டுப் போனார்.

ப்ரூவர் தினமும் அதிகாலை 5.30க்குத் தனியாக வந்து கிராவிட்டி பார்ப்பார். வளாகத்தில் எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். மறுநாள் 6.15க்குப் பையன் வந்தபோது அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்து ஓரடி வைத்ததும் மூக்கில் சுரீரென்று சோடா ஏறியது போன்ற எரிச்சல், நெஞ்சு படபடப்பு. பின்வாங்கி, கதவை முழுக்கத் திறந்து, வெளியே இருந்த ஸ்விட்சில் எக்ஸாஸ்டைப் போட்டுவிட்டு நின்றான். பையன் உயிரோடு இருப்பது அந்த ஓரடியை அவன் இரண்டடி ஆக்காததால். விழுந்தவரைத் தூக்கப் போய் இரண்டாவது ஆளும் விழுவதுதான் கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வழக்கமாக நடப்பது.

ப்ரூவர் ஃபெர்மென்டர் பக்கத்தில் கிடந்தார். ஹைட்ரோமீட்டர் ஜாடி உடையாமல் பக்கத்தில். காயம் ஏதும் இல்லை. பெரியவர் ஓடி வந்தபோது பையன் சொன்னது: "ஐயா, அண்ணனுக்குக் கேஸ் அடிச்சிருச்சுங்க." ஊரும் அதையே சொன்னது. போலீஸும் முதலில் இயற்கைக்கு மாறான மரணம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 194இன் கீழ் பதிவு செய்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 அது.

உடல் பேசாது

மலையிறங்கி, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, உடல் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது. கதை எழுதுகிறவர்கள் இங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். கரியமில வாயுவால் இறந்தவர் உடலில் அதற்கென்று தனி அடையாளம் கிடையாது. உள்ளுறுப்புகளில் ரத்தத் தேக்கம், சில சமயம் சின்ன ரத்தப் புள்ளிகள். மூச்சுத் திணறிய எந்த மரணத்திலும் இவை இருக்கலாம். ரத்தத்தில் அளந்தாலும் பயனில்லை, இறந்த பிறகு அந்த அளவு தானாகவே ஏறும். தோல் செர்ரிப்பழ நிறமாவது கார்பன் மோனாக்சைடால். அது வேறு வாயு. உள்ளுறுப்பு மாதிரிகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்புவது தூக்க மருந்தோ விஷமோ இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

"ஆக்சிஜன் தீர்ந்து செத்தார்" என்று எழுதுவதும் தப்பு. அறையில் 22% கரியமில வாயு கலந்தால் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். அந்த ஆக்சிஜனில் மட்டும் ஆள் சாகமாட்டார். கரியமில வாயுவே நஞ்சு. எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 0.5%. 4% உடனடி ஆபத்து. 10% தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும், 17% தாண்டினால் ஒரு நிமிடம்கூட ஆகாது. கிணற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம்மூர் வழக்கத்தை இங்கே நம்பக்கூடாது. 4 சதவீதத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

ஆக, சாட்சி சொல்ல வேண்டியது உடல் இல்லை, அறை. அறையின் காற்றோ பையன் கதவைத் திறந்ததும் போய்விட்டது. அவன் செய்தது சரி. மிச்சம் இருப்பவை நான்கு பொருள்கள்: ஃபெர்மென்டரில் உள்ள வோர்ட், சுவரில் உள்ள சென்சார், வெளியே நிற்கும் சிலிண்டர், மூலையில் கிடக்கும் ஒரு கெக்.

வோர்ட்டின் கணக்கு

காலை 10 மணிக்கு எடுத்த மாதிரியில் கிராவிட்டி 1.046. மாதிரியை நன்றாகக் குலுக்கிக் குமிழிகளை விரட்டிவிட்டுத்தான் ஹைட்ரோமீட்டரை விட வேண்டும். குமிழி ஒட்டினால் ஹைட்ரோமீட்டர் மேலே மிதந்து பொய் சொல்லும். 18 மணி நேரத்தில் இரண்டு புள்ளி (0.002) இறக்கம் இயல்பானது. ஈஸ்ட் முதல் எட்டுப் பத்து மணி நேரம் பெருகிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த பீர் 1.048இலிருந்து 1.012 வரை முழுக்கப் புளித்தால் லிட்டருக்கு 75 கிராம் அளவு சர்க்கரைச் சத்து தீரும். அதிலிருந்து லிட்டருக்கு 35 கிராம் கரியமில வாயு. 500 லிட்டருக்கு 17.5 கிலோ. ஏற்காட்டின் காற்றழுத்தத்தில், 18 டிகிரியில், ஒரு கிலோ வாயு 0.65 கன மீட்டர் இடம் பிடிக்கும். கடல் மட்டத்தில் 0.54தான். எனவே முழுப் புளிப்பும் சேர்ந்து 11 கன மீட்டருக்கு மேல். 36 கன மீட்டர் அறைக்கு இது கொல்லும் அளவே. விபத்து என்று சொன்னவர்கள் கண்ணில் பட்டது இந்த எண்தான்.

ஆனால் அது நான்கைந்து நாளில் வரும் மொத்தம். அந்தக் காலை வரை இறங்கியது 36 புள்ளியில் 2. வாயு ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. அதிலும் பெரும்பகுதி வோர்ட்டை விட்டு வெளியே வந்திருக்காது: ஏற்காட்டு அழுத்தத்தில் 18 டிகிரியில் ஒரு லிட்டர் திரவம் ஒன்றரை கிராம் அளவு வாயுவைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும்; 500 லிட்டருக்கு 700 கிராமுக்கு மேல். பக்கெட்டில் குமிழியாக வந்தது போனால் போகிறதென்று 300 கிராம். அறை முழுக்கப் பரவினால் அரை சதவீதம். தலைவலிகூட வராது.

இது ஒன்றே போதும், ஈஸ்ட் கொல்லவில்லை என்று சொல்ல.

சென்சார்

சுவரில் தரையிலிருந்து 40 சென்டிமீட்டரில் அகச்சிவப்பு சென்சார். வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் தாழ வைத்தது சரி. அலாரம் ஏன் ஊளையிடவில்லை? பஸ்ஸர் ஒயரைப் பல வாரம் முன்பே பிடுங்கிவிட்டார்கள். 0.5 சதவீதத்தில் அடிக்கும்படி வைத்த அலாரம், குழாய் அறைக்குள்ளேயே விட்டிருந்தால், ஒவ்வொரு பேட்ச்சிலும் மூன்று நாள் ஓயாமல் அடிக்கும். தொல்லை பொறுக்காமல் பிடுங்கியவன் பையன். ஒப்புக்கொண்டான், அழுதான்.

பஸ்ஸர் செத்தாலும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுதிக்கொண்டே இருந்தது. இரவு 1.20 வரை 0.2 சதவீதம். 1.45க்கு 5%. அது அந்தச் சென்சாரின் உச்சவரம்பு. அதற்கு மேல் எல்லாமே 5 என்றுதான் பதிவு. அதனால் உச்ச அளவு இந்தப் பதிவில் இல்லை. இருப்பது வேகம், அது போதும்.

25 நிமிடத்தில் 36 கன மீட்டர் அறையை 0.2இலிருந்து 5 சதவீதத்துக்கு ஏற்ற வேண்டுமானால் 2.6 கிலோ வாயு. நிமிடத்துக்கு 100 கிராமுக்கு மேல். அந்த இரவில் ஈஸ்டின் சராசரி நிமிடத்துக்கு ஒரு கிராம்கூட இல்லை. புளிப்பு உச்சத்தில், நாளுக்கு 12 புள்ளி இறங்கும் வேகத்தில்கூட நிமிடத்துக்கு 4 கிராம். எதிர்த் தரப்பு வக்கீல் சரியாகவே கேட்பார்: வாயு கனமானது, அடியில் தேங்கும், சென்சார் அடியில்தானே இருக்கிறது? சரி, அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் தேங்கியதாகவே வைப்போம். அப்போதும் நிமிடத்துக்கு 35 கிராம். கணக்கு அசையவில்லை. தவிர, அறையில் கூலிங் காயிலின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, தேங்க விடாது.

எக்ஸாஸ்ட் ஃபேனை இரவு 10 மணிக்கு அணைத்தவர் பெரியவர். கரண்ட் பில், குளிர் வெளியே போகிறது என்ற கவலை, தினமும் அணைப்பார். அதுவும் எல்லாருக்கும் தெரியும்.

சிலிண்டர்

கழுத்தில் பொறித்த காலி எடை 52 கிலோ. நிறைத்தால் 30 கிலோ வாயு. முந்தைய மாலை சாக்பீஸ் எண் 79.5, அதாவது உள்ளே 27.5. காலை 11 மணிக்குத் தராசில் 65.5. பதினான்கு கிலோ காணோம். அந்த இரவில் வாயு தேவைப்படும் வேலை ஒன்றுகூட இல்லை. பீர் கெக்குக்குப் போக இன்னும் இரண்டு வாரம்.

14 கிலோ என்றால் ஏற்காட்டில் 9 கன மீட்டர். புகுந்த அளவுக்குக் கலந்த காற்று வெளியே தள்ளப்படும் என்று வைத்தால் அறையில் 22% தங்கும். 5.30க்குக் கதவைத் திறந்து உள்ளே போனவர் ஜாடியைக் கீழே வைக்கும் நேரம்கூட முழுசாகக் கிடைத்திருக்காது.

மூலையில் கிடந்த 19 லிட்டர் கெக் காலி. அதில் கேஸ் டிஸ்கனெக்ட் மாட்டியிருந்தது. மூடியின் ரிலீஃப் வால்வு வளையத்தை இழுத்துத் திருகி, திறந்தபடியே நிற்க விட்டிருந்தார்கள். வெளியே ரெகுலேட்டர் திருகு முழுக்க உள்ளே, அதாவது வாயு முழு வேகத்தில் போகும்படி. லைனை வெட்டாமல், கிளாம்ப்பைக் கழற்றாமல், வாயுவை அறைக்குள் ஊத இதைவிடச் சுத்தமான வழி இல்லை. கெக்கில் காற்றை விரட்ட வாயு விடுவது ப்ரூவரியில் அன்றாட வேலை, பார்க்கிறவர் கண்ணை உறுத்தாது. ஆனால் அதற்கு ஒரு கெக்குக்கு நூறு கிராம் அளவே போதும்.

6.40க்குச் சிலிண்டர் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது, அடியில் தரை ஈரம். பக்கத்தில் நின்ற ஸ்பேர் சிலிண்டர் காய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்த சிலிண்டரிலிருந்து வேகமாக வாயு எடுத்தால் உள்ளிருக்கும் திரவம் ஆவியாகும்போது தன் வெப்பத்தையே தின்னும். இரும்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் வெளியே பனி பிடிக்கும். மூடிய பிறகு வெப்பம் மீள மணிக்கணக்காகும். விடியற்காலை வரை வால்வு திறந்திருந்தது என்பதற்கு அந்த ஈரம் சாட்சி.

முப்பது

எடை போட்டதைச் சொல்லுமுன், சிலிண்டரைப் பற்றி யாரும் வாய் திறக்குமுன், கணக்கர் பெரியவரிடம் தானாகச் சொன்னது: "சிலிண்டர் தீரப் போகுதுங்க. சாயங்காலமே கேஜ் முப்பதுக்கு இறங்கிடுச்சு. ப்ரூவர் தம்பிகிட்டகூடச் சொன்னேன்."

கேட்கச் சாதாரணப் பேச்சு. ஆனால் கரியமில வாயு சிலிண்டரில் கேஜ் அழுத்தத்தைத்தான் காட்டும், எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டாது. உள்ளே ஒரு சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்ததுதான்: 18 டிகிரியில் 55 பார், 27 கிலோ இருந்தாலும் 10 கிலோ இருந்தாலும் அதே 55. திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகே முள் இறங்கும். முந்தைய மாலை 27.5 கிலோ இருந்த சிலிண்டரில் முள் முப்பதில் நிற்க வழியே இல்லை. காலை 11 மணிக்குப் போலீஸ் வால்வைத் திறந்தபோது, 14 கிலோ குறைந்த பிறகும், முள் ஐம்பதைத் தொட்டது.

சிலிண்டர் மைனஸ் 5 டிகிரிக்குக் குளிர்ந்தால் முள் 30 காட்டும். அது அப்படிக் குளிர்ந்திருந்த ஒரே நேரம், வாயு உள்ளே ஊதிக்கொண்டிருந்த அந்த மூன்று மணி நேரம். முப்பது என்ற எண்ணைப் பார்த்தவர் அந்நேரம் சிலிண்டர் முன் நின்றவர். காலிச் சிலிண்டர் என்று கணக்கு எழுதிவிடலாம் என எண்ணி, இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்த எண்ணை மாலை பார்த்ததாகச் சொல்லிவிட்டார்.

காரணம் பில்லில் இருந்தது. மாதம் இரண்டு பேட்ச், ஆயிரம் லிட்டர். கார்பனேஷனுக்கு லிட்டருக்கு 5 கிராம், கெக்கில் காற்று விரட்ட, பீரைத் தள்ள, கசிவு எல்லாம் சேர்த்து 12 கிராம் என்று தாராளமாக வைத்தாலும் மாதம் 12 கிலோ. ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் ஓடும். பில்லில் மாதம் மூன்று, கணக்கரின் பொய்க் கணக்கு. ப்ரூவர் சாக்பீஸ் எடுத்ததே இதைப் பிடிக்கத்தான். தாழ்வாரச் சுவரில் மாதக்கணக்கான எடைகள் வரிசையாக இருந்தன. கணக்கருக்கு அவை பேட்ச் எண்களாகத் தெரிந்திருக்கின்றன.

விடுதி அம்மா இந்தக் கணக்கில் எங்கும் இல்லை. வாசனைச் சண்டை வாசனைச் சண்டைதான்.

கோர்ட்டில் நிற்குமா

இந்த வகைக் கதைகளின் கடைசிக் காட்சியில் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துக் குற்றவாளியை ஒப்புக்கொள்ள வைப்பார்கள். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 23இன்படி குற்றவாளிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. "முப்பது" ஒப்புதல் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாத ஒரு சாதாரணத் தகவல். ஆனால் போலீஸ் விசாரணையில் சொல்லி எழுதிக்கொண்ட வாக்குமூலத்தை அரசுத் தரப்பு சாட்சியமாக வைக்க முடியாது. எனவே கணக்கர் அதே பேச்சைப் பெரியவரிடமோ பையனிடமோ சொல்லியிருந்தால் அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும். கதையில் அந்தப் பேச்சை முதலில் பெரியவர் காதில் போட வைப்பது இதற்காகவே.

சாக்பீஸ் எண் இறந்தவர் கை எழுத்து. அன்றாட வேலையின் போக்கில் எழுதியது என்பதால் பிரிவு 26 அதை உள்ளே விடும். ஆனால் ஈரக்கை பட்டால் அழியும். முதல் மணி நேரத்திலேயே ஸ்கேலோடு படம் எடுத்திருக்க வேண்டும். சென்சார் பதிவுக்கு, மின்னணுப் பதிவு என்பதால், பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதோடு சென்சாரின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் ஓடுகிறது என்ற குறிப்பும். வோர்ட் மாதிரியை உடனே ஐஸில் வைக்காவிட்டால் லேபுக்குப் போகும் வழியிலேயே ஈஸ்ட் மேலும் இரண்டு புள்ளியைத் தின்றுவிடும்; கணக்கு குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் சாயும். தராசின் முத்திரைத் தேதியைக் கேட்காத வக்கீல் கிடையாது.

கணக்கர் மேல் பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 103, கொலை. ஃபேனை அணைத்த பெரியவர் மேலும் ஒயரைப் பிடுங்கிய பையன் மேலும் 106(1), அஜாக்கிரதையால் மரணம், போட முடியுமா என்பதில் இன்ஸ்பெக்டர் தயங்குவார். இரண்டும் பல வாரமாக நடந்தவை. அந்த வாரங்களில் யாரும் சாகவில்லை, இடையில் இன்னொருவர் வேண்டுமென்றே வாயுவைத் திறந்திருக்கிறார். பையன் மேல் அநேகமாக நிற்காது. பெரியவர் விஷயத்தில் ப்ளோ ஆஃப் குழாயை அறைக்குள் விட்டது யார் முடிவு என்பதைத் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கும். புளிப்பு உச்சத்தில் இருக்கும் நாளில் அதே அறையில், அதே ஃபேன் அணைந்த இரவில், கணக்கர் இல்லாமலே ஈஸ்ட் 3 சதவீதத்தைத் தாண்டியிருக்கும்.